ஆறுமணிக்குருவியின் றெஃபறி

அரியாலையில் எங்கள் றெஃபறியிடம் மஞ்சள் அட்டை வாங்காத உயிர் ஒன்று இருக்கிறதென்றால், அது இன்னும் பிறக்கவில்லை என்றுதான் அர்த்தம். பூனைகள் வாங்கியிருக்கின்றன. ஆடுகள் வாங்கியிருக்கின்றன. மீன் விற்க வரும் மோட்டார்சைக்கிள்காரர், கோயில் ஒலிபெருக்கிக்காரர், வாக்குக் கேட்டு வந்த வேட்பாளர், அவருக்குப் பின்னால் துண்டுப்பிரசுரம் சுமந்து வந்த பரிவாரம் என்று ஒருவரும் தப்பவில்லை. நான் வாங்கியதற்குக் கணக்கே கிடையாது. சிவப்பு அட்டையை மட்டும் அவர் மிகவும் யோசித்துத்தான் எடுப்பார். எனக்குத் தெரிந்து, ஓய்வுபெற்ற பிறகு ஒரே ஒரு தடவைதான் எடுத்தார். அதை மண் தோண்டுகிற ஒரு பெக்கோ இயந்திரத்துக்குக் காட்டினார்.

அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. கேட்டால், "பேர் என்னத்துக்குத் தம்பி? விசில் காணும்" என்பார். இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, மைதானம் என்று நாங்களாகச் சொல்லிக்கொண்ட மணல்வெளிகளில் எல்லாம் உதைபந்தாட்டத்துக்கு மத்தியஸ்தம் செய்தவர். கடைசியில் முழங்கால் மக்கர் பண்ணியது. டொக்டர் இனி ஓடக்கூடாது என்று சொன்னார். விசில் ஊதக்கூடாது என்று சொல்ல அந்த டொக்டர் மறந்துவிட்டார். அதன் பலனை எங்கள் சின்னத் தெரு, அந்த ஒழுங்கை முழுவதும் அனுபவித்தது. வேட்டி கட்டி, மேலுக்கு ஒன்றும் போடாமல் கோயிலுக்குப் போகும்போதும் இடுப்பு மடிப்பில் இரண்டு அட்டைகளும் இருக்கும்.

அவருடைய வளவுக்கும் என்னுடைய வளவுக்கும் நடுவில் இருந்தது என் அத்தானின் காணி. அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், குடும்பத்தோடு கனடா போனபோது, "காணியைத் துப்பரவா வைச்சிரு" என்று என்னிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டுப் போனார். வெளிநாட்டுக்காரரின் காணியைப் பார்த்துக்கொள்வது யாழ்ப்பாணத்தில் ஒரு தனிக் கலை. தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "ஓம், ஓம்" சொல்ல வேண்டும். அவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால், வருவதற்கு முந்திய கிழமை ஆள் பிடித்துத் துப்பரவு செய்ய வேண்டும். அத்தான் பல வருடம் வரவில்லை. நானும் ஓம் சொல்வதில் ஒரு குறையும் வைக்கவில்லை. மழை தன்னுடைய வேலையைச் செய்தது. வேம்பும் இலுப்பையும் நாவலும் விளாத்தியும் கை கோத்து வளர்ந்து, அடியில் காரை, சூரை முட்பற்றைகள் மண்டி, பத்துப் பரப்புக் காணி, அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, ஒரு சின்னக் காடாகிவிட்டது. முன்பக்கம் றோட்டோரமாக மட்டும் வடலிப் பனையும் நாயுண்ணிப் பற்றையும் நின்றன.

ஓர் ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த பின்னேரம், ஆறு மணியளவில் அந்தக் காணிக்குள்ளிருந்து விசில் சத்தம் கேட்டது. முதல் ஒலி கொஞ்சம் மேலே நீண்டு, அடுத்தது சட்டென்று கீழே இறங்கியது. நான் றெஃபறி வீட்டு முற்றத்தில் கதைத்துக்கொண்டிருந்தேன். அவர் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார்.

"ஆரடா அங்க? எனக்குத் தெரியாம என்ரை ஏரியாவுக்குள்ள ஆர் மட்ச் வைக்கிறது?"

முழங்காலை மறந்து வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து போனார். மனிதர் விழுந்து கிழுந்து தொலைக்கப்போகிறாரே என்று நானும் பின்னால் ஓடினேன். நாவல் மரத்துக்குக் கீழே, சருகுக்குள், உள்ளங்கையளவில் ஒரு குருவி நின்றது. முதுகு பச்சை, வயிறு மங்கின சந்தன நிறம், வாலுக்குக் கீழே சிவப்பு, தோளில் ஒரு நீலத் துண்டு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி. வாலென்று சொல்ல அதனிடம் பெரிதாக ஒன்றுமில்லை. அது ஒரு சருகைப் புரட்டியது, ஒரு புழுவை எடுத்து விழுங்கியது, தலையை நிமிர்த்தி மறுபடி விசில் அடித்தது.

"தம்பி, உவர் ஆர்?" என்று றெஃபறி இரகசியமாகக் கேட்டார்.

"ஆறுமணிக்குருவி, அண்ணை. இந்தியாவில இருந்து மழைக் காலத்துக்குக் கடல் கடந்து வாறது. சித்திரையோட திரும்பிப் போயிடும். காலமை ஆறு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும் கூப்பிடும்."

"நேரம் தவறாதோ?"

"பெரும்பாலும் தவறாது."

அவர் அந்தக் குருவியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "ஜேர்சி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். "ஆனா ஆள் எங்கடை டிப்பார்ட்மென்ட்தான்."

அன்றைக்கே அந்தக் காணி அவருடைய மைதானமாகிவிட்டது. குருவிகளைப் பற்றித் தெரிந்தவர்கள் எவரைக் கண்டாலும் மறித்துக் கேட்பார். ஆறுமணிக்குருவிக்கு நிழல் வேண்டும், பற்றை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தரையில் ஈரச் சருகு வேண்டும், சருகுக்குள்தான் அதன் சாப்பாடு என்று அறிந்துகொண்டார். பிறகு மாங்குயில், மரங்கொத்தி, செண்பகம், வாலை நாடா மாதிரி இழுத்துக்கொண்டு பறக்கும் வால்குருவி என்று உறுப்பினர் தொகை கூடியது. விதிகளையும் அவரே வகுத்தார்.

"உள்ளுக்க இருக்கிறவன் பிளேயர். வேலிக்கு வெளியில இருந்து வாறவன் பார்வையாளர். பார்வையாளர் உள்ளுக்க வரேலாது. அவ்வளவுதான்."

இதன்படி பூனை பார்வையாளர். குருவிக்குக் கல்லடிக்கிற கெற்றபோல் வைத்திருப்பவன் பார்வையாளர். ஆடு பார்வையாளர். இது எனக்கு விளங்கியது. ஒருநாள் காரைப் பற்றைக்குள் புலுனிக் குருவி கட்டியிருந்த கூட்டை நோக்கி ஒரு சாரைப்பாம்பு ஏறியபோதுதான் விளங்காமல் போனது. புலுனிகள் கூட்டமாகக் கத்தின. நான் தடியோடு பாய்ந்தேன். பின்னால் விசில் கேட்டது. திரும்பினால் மஞ்சள் அட்டை.

"என்ன அண்ணை, முட்டையெல்லாம் போகப்போகுது!"

"சாரை பிளேயர். நீர்தான் பார்வையாளர். வெளியில வாரும்."

சாரை முட்டைகளை விழுங்கும்வரை அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். என்ன கல்நெஞ்சு மனிதர் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அன்றைக்கு அவர் சோற்றைத் தொடவில்லை என்று அவருடைய மனைவி பூமணியக்கா அடுத்த நாள் சொன்னார்.

பூமணியக்காவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் மானம் மரியாதையில் பாதி முற்றத்தில் இருக்கிறது. விடிய எழும்பி முற்றம் கூட்டி, குவித்து, நெருப்பு வைத்து, விளக்குமாற்றின் கோடு மண்ணில் தெரிய விட வேண்டும். பூமணியக்கா கூட்டிய முற்றத்தில் கால் வைக்கவே கூச்சமாக இருக்கும். அப்படிப்பட்ட பெண்ணுக்குத்தான், சருகு சேர்க்கும் கணவர் வாய்த்தார்.

ஆம், சேர்ப்பார். விடியற்காலையில் சைக்கிள் கரியரில் உரப்பைகளைக் கட்டிக்கொண்டு, ஊரார் கூட்டிக் குவித்த சருகுக்கு நெருப்பு வைக்க முதல் போய் நிற்பார்.

"அண்ணை, உதைக் கொண்டுபோய் என்ன செய்யப் போறியள்?" என்று ஒரு வீட்டுக்காரி கேட்டாளாம்.

"விரிக்கப் போறன், பிள்ளை."

"எங்க?"

"காட்டில."

"காட்டில சருகு இல்லையோ?"

"காணாது."

அந்தப் பெண் உள்ளே போய்ப் படலையைச் சாத்திக்கொண்டாள். நான் காணிப் பக்கம் போனால் பூமணியக்கா வேலிக்கு மேலால் என்னிடம் முறையிடுவார்: "ஊர் உலகமெல்லாம் குப்பையை வெளியில கொண்டுபோய்ப் போடுது. இந்த மனிசன் சைக்கிள் உழக்கிக் குப்பை கொண்டுவருது. நான் முற்பிறப்பில என்ன பாவம் செய்தனோ!"

சண்டை முற்றி, ஒருநாள் றெஃபறி முற்றத்துக்குக் குறுக்கே சுண்ணாம்பால் நேராக ஒரு கோடு கீறிவிட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் பூமணியக்கா கூட்டலாம். அந்தப் பக்கம், வேப்பமரத்தடி, சருகுக்கு. பூமணியக்கா கோட்டுக்கு ஒரு நூல் இப்பால்வரை கூட்டுவார். காற்று சருகை அவருடைய பக்கம் தள்ளினால், "இஞ்சாருங்கோ, உங்கடை ஆள் கோட்டைத் தாண்டிப் போட்டார்" என்று கூப்பிடுவார். றெஃபறி வந்து, அந்தச் சருகை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கித் தன் பக்கம் எறிவார். அது த்ரோ-இன்னாம்.

கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டியபோது ஒரு குழாய் நேரே காட்டைப் பார்த்தபடி இருந்தது. றெஃபறி மரத்தடியில் நின்று விசில் ஊதினார். அதைக் கடல் பக்கம் திருப்பச் சொன்னார்.

"கடலுக்கு ஆர் அண்ணை பாட்டுப் போடுறது?" என்று மேலேயிருந்து ஒலிபெருக்கிக்காரர் கத்தினார்.

"மீன் கேக்கட்டும். அதுகள் ஒண்டும் முறைப்பாடு செய்யாது."

டெங்குக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் காட்டைப் பார்த்து முகம் சுளித்தார். றெஃபறி அவரை உள்ளே கூட்டிப்போய் மூலை மூலையாகக் காட்டினார். சிரட்டை இல்லை, யோகட் கோப்பை இல்லை, தண்ணீர் தேங்க ஒரு மூடிகூட இல்லை. எல்லாவற்றையும் பார்வையாளர் என்று அவர் எப்போதோ வெளியேற்றியிருந்தார். பரிசோதகர் குறைசொல்ல ஒன்றுமில்லாமல் வெளியே வந்தார். மோட்டார்சைக்கிளைக் காரைப் பற்றையில் சாய்த்து வைத்திருந்ததற்காக ஒரு மஞ்சள் அட்டை வாங்கிக்கொண்டு போனார்.

இப்படியாக எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, மூன்று நாலு வருடத்துக்கு முன், தைப்பொங்கல் முடிந்த கையோடு அத்தான் கனடாவிலிருந்து தனியாக வந்து இறங்கினார். எனக்கு முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. பையைத் திறந்து ஒரு வரைபடத்தை எடுத்து என் மேசையில் விரித்தார். இரண்டு மாடி வீடு. அதைச் சுற்றி மதில். மதிலுக்கும் வீட்டுக்கும் இடையில், பின்வேலிவரை, மண் தெரியாமல் தரையை மூடும் இன்ரலொக் கல்.

"ஒரு சருகு விழப்படாது" என்றார் அத்தான். "வயசுபோன காலத்தில உன்ரை அக்காவோட வந்து என்ரை மண்ணில இருக்கப்போறன். முப்பது வருசக் கனவடா."

பாவம், அவரும் கொடுமைக்காரர் இல்லை. பனிக்குள் வேலை செய்து, வீடு என்று ஒன்றை மனதில் கட்டி வைத்திருந்த மனிதர். திங்கட்கிழமை நல்ல நேரத்துக்குப் பெக்கோ வரும் என்று சொன்னார்.

விஷயம் அறிந்த றெஃபறி அன்று பின்னேரமே அத்தானிடம் வந்தார். கொலர் வைத்த சட்டை, வாரிய தலை. "தம்பி, ஒரு வேண்டுகோள். இப்ப மட்ச் நடக்குது. சித்திரை மட்டும் பொறுக்கேலாதோ?"

"என்ன மட்ச் அண்ணை? ஆர் விளையாடுறது?"

"குருவி."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் முகட்டைப் பார்த்தேன்.

"சரி, சித்திரைக்குப் பிறகு வெட்டினா, வாற ஐப்பசிக்குக் குருவி எங்க போகும்?" என்று அத்தானே கேட்டார். கெட்டிக்காரர்.

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்" என்றார் றெஃபறி மெதுவாக. "சுத்திப் பாரும். எல்லா வளவும் ஒண்டில் கூட்டியிருக்கு, இல்லாட்டிச் சீமெந்து போட்டிருக்கு. கடல் தாண்டிக் களைச்சு வாறவருக்கு இறங்க ஒரு இடம் வேணும். இஞ்சால இது ஒண்டுதான் மிச்சம்."

அத்தான் மரியாதையாகத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார். திங்கட்கிழமை திங்கட்கிழமையாகவே இருந்தது.

ஒழுங்கை முழுவதும் அவருக்கு ஒரே ஆலோசனையைச் சொன்னது. எங்கள் ஊரில் மரத்தடியில் ஒரு சூலத்தை நட்டு, அதுதான் வைரவர் என்று ஒரு விளக்கைக் கொளுத்திவிட்டால், பிறகு அந்த மரத்தில் ஒருவன் கத்தி வைக்கமாட்டான். றோட்டுப் போடுகிறவர்களே வளைத்துக்கொண்டு போவார்கள். "அந்த நாவலுக்குக் கீழ ஒரு சூலத்தைக் குத்திவிடுங்கோ அண்ணை, அலுவல் முடிஞ்சுது" என்று நானும் சொன்னேன்.

அவருக்கு வந்த கோபத்தை நான் அதுவரை கண்டதில்லை. "ஆரும் தட்டாம, தட்டினமாதிரி விழுந்து நடிக்கிறதுக்கும் உதுக்கும் என்ன வித்தியாசம்? காலம் முழுக்க நான் உதுக்குத்தான் காட் காட்டினனான். நீரோ எனக்குச் சொல்லுறீர்?" என்று எனக்கு மஞ்சள் காட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் பூமணியக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை பெக்கோ வந்தது. ஓட்டிவந்தவர் குருநகரைச் சேர்ந்த அன்ரன், ஒரு காலத்தில் நல்ல லெஃப்ற் விங்கர். இயந்திரம் உறுமிக்கொண்டு கையை நீட்டி, முன்வேலிக்கு மேலால் காணிக்குள் இறக்கப் போனது. பழைய கறுப்பு உடுப்போடு றெஃபறி முன்னால் வந்து நின்று நீளமாக ஒரு விசில் ஊதினார். பெக்கோ அப்படியே நின்றது.

"ஏன் நிப்பாட்டினனீர்?" என்று அத்தான் கத்தினார்.

"தெரியேல்லை ஐயா" என்றார் அன்ரன். "றெஃபறியின்ரை விசில் கேட்டா என்ரை கால் தானா நிக்குது. சின்ன வயசுப் பழக்கம்."

றெஃபறி சிவப்பு அட்டையை எடுத்து உயர்த்தினார். "உமக்கில்லை, அன்ரன். மிசினுக்கு." பிறகு அத்தானிடம் திரும்பினார். "தம்பி, காணி உம்மடை, உறுதிப் பத்திரம் உம்மடை. நான் மறிக்கேலாது. வெட்ட முதல் ஒருக்கா உள்ளுக்கு வந்து, வெட்டப்போறது என்னத்தை எண்டு கண்ணால பாரும். பார்த்தாப் பிறகு உம்மடை முடிவு."

அத்தான் அலுத்துக்கொண்டு நடந்தார். நானும் அன்ரனும் பின்னால் போனோம். நாவல் மரத்தடிக்கு வந்ததும் அத்தான் திடீரென்று நின்று, சப்பாத்தைக் கழற்றி, கையெடுத்துக் கும்பிட்டார்.

மரத்தடியில் ஒரு சூலம். மஞ்சள் தடவிய கல், குங்குமம், செவ்வரத்தம்பூ, எரிகிற விளக்கு. வாழையிலையில் பொங்கல்.

"வைரவர் இருக்கிறாரெண்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையேடா!" என்று அத்தான் என்னைக் கடிந்தார். "நல்லகாலம், கை வைக்க முதல் கண்டிட்டன். வேண்டாம். ஒரு மரமும் வெட்டவேண்டாம்."

எனக்கு நெஞ்சுக்குள் ஒரே கொண்டாட்டம். காடு தப்பியது, குருவி தப்பியது, வாயைத் திறக்காமல் நின்றால் போதும். நான் றெஃபறியைப் பார்த்தேன். அவர் சூலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் கறுத்துவிட்டது. கை விசிலுக்குப் போனது. வேண்டாம் அண்ணை, வேண்டாம் என்று நான் கண்ணால் கெஞ்சினேன்.

ஊதிவிட்டார்.

"கோல் செல்லாது" என்றார். "தம்பி, இது நேற்றுப் பின்னேரம் இல்லை. ஆரோ உம்மை ஏமாத்த வைச்சது. உதை நம்பி நீர் முடிவெடுக்கேலாது."

அத்தானின் முகம் சிவந்தது. "ஆர் வைச்சது?"

வேலிப் பொட்டுக்குள்ளால் பூமணியக்கா வந்தார். கையில் விளக்குமாறு. "நான்தான். இண்டைக்கு விடியக்காலமை, இவர் சருகுக்குப் போன நேரம்."

"நீரோ?" என்று றெஃபறி அவரிடம் திரும்பினார். "உமக்குச் சருகெண்டாலே பிடிக்காதே, பூமணி."

"இப்பவும் பிடிக்காதுதான்" என்றார் பூமணியக்கா. "மட்ச் இல்லாமப் போன நாளில இருந்து வெளியில விசில் ஊதினாலும் வீட்டுக்குள்ள நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது எனக்கெல்லோ தெரியும். உந்தக் குருவி வந்தாப் பிறகுதான் மனிசனா எழும்பி நடந்தனீங்கள். உதுவும் போனா நான் உங்களை என்ன செய்யிறது?"

றெஃபறி மெல்லப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்தார். அதை மனைவிக்கு நேரே உயர்த்திப் பிடித்தார்.

"நடிப்பு" என்றார்.

"காட்டுங்கோ. காட்டி முடிஞ்சா தேத்தண்ணி குடிக்க வாங்கோ, ஆறுது" என்றார் பூமணியக்கா.

அத்தான் சுதாரித்துக்கொண்டார். "அப்ப கள்ள வைரவர்தானே? அன்ரன், உதைப் பிடுங்கி எறியும்."

அன்ரன் தொப்பியைக் கழற்றினார். "ஐயா, நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன். ஆனா பயம் எல்லாருக்கும் ஒண்டுதானே. வேற என்ன வேலையெண்டாலும் சொல்லுங்கோ."

அத்தான் தானே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் போனார். சூலத்துக்கு ஒரு முழத்தில் நின்றார். "கற்பூரம் காட்டினனீங்களோ?"

"காட்டினனான்."

"பொங்கினதோ?"

"பொங்கி, நீர்வேலிக் கதலிப்பழமும் வைச்சு, தேவாரமும் பாடினனான். செய்யிறதை அரைகுறையாச் செய்யேலாதே, தம்பி."

அத்தான் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு திரும்பித் தன் நெற்றியையே தடவியது. கள்ளமாக வைத்தாலும் விளக்கு விளக்குத்தானே. பூமணியக்கா அந்த ஒரு காலமைக்கு மட்டும் தாக்குப்பிடிக்க வைத்த வைரவர், இனி ஒருவராலும் எழுப்ப முடியாதபடி இருந்துவிட்டார். "நீர் பிடுங்கினா நான் ஒண்டும் சொல்லமாட்டன், தம்பி" என்று றெஃபறி விலகி நின்றது அவரை இன்னும் சங்கடத்தில் மாட்டியது.

அன்று பெக்கோ வந்த வழியே போனது. அத்தான் பின்னேரம்வரை காட்டுக்குள் ஒரு பனங்குற்றியில் இருந்தார். ஆறு மணிக்குக் குருவி கூப்பிட்டதா, அதை அவர் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வரைபடத்தை எடுத்து, பேனையால் குறுக்கே கோடு கீறினார். றோட்டோரத்தில், வடலி நின்ற இடத்தில், ஒரு தளம் மட்டும் உள்ள வீடு. பின்னுக்கு ஒன்றுமில்லை.

"வைரவருக்காகத்தான்" என்று என்னிடம் விரலை நீட்டிச் சொன்னார். "குருவிக்காக எண்டு ஆருக்கும் சொல்லிப்போடாதை."

வடலியும் நாயுண்ணியும் போனதில் றெஃபறிக்கு மனவருத்தம்தான். மட்ச் சமநிலையில் முடிந்தது என்று சொல்லிக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் பூமணியக்கா வைரவருக்கு விளக்கு வைக்கப் போனபோது புதிய சிக்கல் ஒன்று கிளம்பியது. சாமி இருக்கிற இடத்தைக் கூட்டாமல் விடுவதா? நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு சூலத்தைச் சுற்றி ஒரு சின்ன வட்டத்தைக் கூட்ட அனுமதி கிடைத்தது.

இப்போது அத்தானும் அக்காவும் வருடத்தில் பாதி நாள் அந்த வீட்டில் இருக்கிறார்கள். றெஃபறிக்கு வயது போய்விட்டது. சருகு அள்ளப் போவதில்லை. ஊர்ப் பெண்களே மூட்டையாகக் கட்டி வேலியோரம் வைத்துவிட்டுப் போகிறார்கள். அவருக்குக் காதும் மந்தமாகிவிட்டது. நாங்கள் கதைப்பது ஓரளவு விளங்குகிறது. மெல்லிய, உயர்ந்த சத்தங்கள் எட்டுவதில்லை. குருவியின் குரல் அவருக்குக் கேட்பதில்லை என்று போன ஐப்பசியில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆனாலும் பின்னேரம் ஆறு மணியானால் வேப்பமரத்தடிக் கதிரையில் வந்து இருக்கிறார். பூமணியக்கா செய்த வேலையைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்று, காட்டுப் பக்கம் காதைக் கொடுக்கிறார். குருவி கூப்பிட்டதும் அவருடைய தோளில் ஒருதரம் தட்டுகிறார். றெஃபறி தலையை ஆட்டுகிறார். கூப்பிடாத நாளில் பூமணியக்கா தட்டுவதில்லை. இருட்டும்வரை இருவரும் காத்திருந்துவிட்டு உள்ளே போகிறார்கள். அப்படிப்பட்ட நாட்களில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, கூப்பிடேன் ராசா, ஒருக்கால் கூப்பிடேன் என்று அந்தக் குருவியை நானும் மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.